பிள்ளையார் கோயிலடியில் நின்ற வெறும் பவுசர்

1

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

கபிரியேல். எனக்குப் பவுசர் ஓட்டப் பழக்கியவன். எண்ணெய்த் தொட்டி வைத்த லாரிக்கு இங்கே பவுசர் என்று பெயர்; தொட்டியைத் தாங்கி என்பார்கள். திருகோணமலைப் பட்டினத்துக் கடற்கரையில் வீடு. மாதா கோயில் குடும்பம். வயது இருபத்து நான்கு. என்னைவிடப் பத்து வயது இளையவன்.

கந்தப்பு. சல்லி என்கிற ஊர்க்காரன். பவுசரின் மேலே ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்கம்பு விட்டு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வேலை. வாய் மூடாத ஆள்.

சின்னத்தம்பிப் பூசாரி. ரோட்டோரப் பிள்ளையாரைப் பார்த்துக்கொள்கிறவர். காது கொஞ்சம் மந்தம்.

நான். கருப்பையா.

வேறு ஆள் இல்லை. பவுசர் ஒன்று நின்றது. பெட்ரோல் இறக்கிவிட்டு வந்த வெறும் பவுசர்.

அது நடந்து இன்றோடு ஒரு வருடம். ஊரில் வாத்தியார் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார் என்றும், கடல் தாண்டிப் போனவர்கள் தங்கள் சமாச்சாரத்தை எழுத வேண்டும் என்றும் தம்பி எழுதியிருந்தான். நான் மூன்றாம் வகுப்பு. எழுதும்படியாக என்னிடம் இருப்பது இந்த ஒரு சமாச்சாரம்தான். தாங்கிகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்றெல்லாம் எழுதக்கூடாது. பட்டாளத்து ஆபீசில் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துக் கறுப்பு மை பூசுவார்கள். அவர்களுக்கு வேலை வைக்காமல் எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தது கல் உடைக்க. கண்டிராக்டர் ஆள் சேர்த்த வருடம் நம் கண்மாய் மூன்றாம் தடவையாக நிறையாமல் போயிருந்தது. என் சம்சாரம் பேச்சி பிள்ளை பெற்று நாற்பது நாள். பிள்ளைக்குப் பாக்கியம் என்று பேர் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினேன். இரண்டு வருடத்தில் திரும்புவதாகப் பேச்சு.

சண்டை வந்தது. போகவர ஆயிரம் சட்டம் வந்தது. நான் ஊருக்குப் போனால் திரும்ப இங்கே விடமாட்டார்கள். கூலிக்காரன் குடும்பத்தை இங்கே வரவும் விடமாட்டார்கள். அங்கே போய்ப் பட்டினி கிடப்பதா, இங்கே இருந்து பணம் அனுப்புவதா என்று பார்த்தேன். இருந்தேன்.

பிறகு ஒரு காலையில் ஜப்பான்காரன் விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஒரு எண்ணெய்த் தாங்கி நாள்கணக்கில் எரிந்தது. பகலில் சூரியன் தெரியவில்லை. அந்தப் புகையைப் பார்த்தவன் எண்ணெய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். பட்டினத்தில் பாதி வீடு காலி. டிரைவர்கள் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனார்கள். நான் போகவில்லை. தைரியம் என்று நினைக்க வேண்டாம். கூட்டிப்போக ஆள் இல்லை. போய்ச் சேர இடமும் இல்லை.

மிச்சம் இருந்தவர்களை வெள்ளைக்கார சார்ஜன்ட் வரிசையாக நிறுத்தினார். யாருக்கு என்ன ஓட்டத் தெரியும் என்று கேட்டார். கந்தப்புதான் அவர் பேச்சைத் தமிழில் சொன்னவன்.

"மாட்டு வண்டி," என்றேன்.

"இதை நான் அவருக்குச் சொல்லட்டோ?" என்றான் கந்தப்பு. "சொன்னால் உம்மைப் பவுசரில கட்டி இழுக்க விடுவார்."

சொன்னான். வரிசையே சிரித்தது. சார்ஜன்ட் சிரிக்கவில்லை. மாடு ஓட்டினவன் அவசரப்படமாட்டான் என்று சொல்லி என் பேரை எழுதிக்கொண்டார்.

அதில்தான் எல்லாம் இருந்தது. கூலி என்றால் குடும்பத்துக்குப் பாஸ் கிடையாது. பெட்ரோல் பவுசர் டிரைவர் என்றால் அவசிய வேலை. குடும்பத்தை வரவழைக்க விண்ணப்பம் போடலாம். பரீட்சையில் தேற வேண்டும், பிறகு சார்ஜன்ட் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் நடுவில்.

கிளார்க் சில்வா மூன்று தாள் எடுத்து எழுதினான். சிங்களவன், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவான். பிள்ளை பிறந்த தேதி கேட்டான். கண்மாய் நிறையாத மூன்றாம் வருடம், பங்குனி முடிவு என்றேன்.

"அண்ணே, கட்டம் சின்னது. கண்மாய் அதுக்குள்ள போகாது," என்றான்.

அவனாகவே ஒரு தேதி போட்டான். அரசாங்கத்துக்கு என் மகள் அன்றைக்குத்தான் பிறந்தாள்.

அந்த வாரமே தம்பியிடமிருந்து கடிதம். எல்லாரும் சுகம். மாடு ஒன்று செத்தது. கடைசியில் ஒரு வரி. "பாக்கியம் நன்றாகப் பேசுகிறாள், என்னைத்தான் அப்பா என்கிறாள், திருத்தினால் அழுகிறாள், என்ன செய்வதென்று சொல்லவும்."

 கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டி பழகப் போனேன்.

3

கபிரியேல் முதல் நாள் செய்த வேலை இது. மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பாதியாக வெட்டினான். அதில் அரைவாசி தண்ணீர் ஊற்றினான். வண்டிக்குள் என் காலடியில் வைத்தான்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"உதுதான் உங்களுக்கு வாத்தியார், அண்ணை. நான் சும்மா பக்கத்தில இருக்கிறவன்."

பிரேக் மிதித்தால் என் கால் நனைந்தது. வளைவில் திருப்பினால் நனைந்தது. கியர் மாற்றினால்கூட நனைந்தது. மூன்று வாரம் ஈரக் காலோடுதான் வீடு வந்தேன். விரல் இடுக்கு புண்ணானது. கந்தப்பு தினமும் சாயங்காலம் ஷெட் வாசலில் நின்று என் காலைப் பார்ப்பான்.

"இண்டைக்கும் குளிச்சுப்போட்டுத்தான் வாறார் வடக்கத்தையான்," என்பான்.

இந்தியாவிலிருந்து வந்த எங்களை இங்கே சிலர் அப்படிச் சொல்வார்கள். அது மரியாதையான சொல் இல்லை. கந்தப்பு சொன்னால் மட்டும் நான் கணக்கில் எடுப்பதில்லை. அவன் என் சோற்றுப் பாத்திரத்தில் மீன் துண்டு போட்டுவிட்டுத்தான் அதைச் சொல்வான்.

"முழுத் தாங்கி கல்லு மாதிரிக் கிடக்கும், அண்ணை," என்று கபிரியேல் சொல்லித் தந்தான். "அரைத் தாங்கிதான் ஆபத்து. உள்ளுக்க கடல் ஓடும். நீங்கள் பிறேக் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டன் எண்டு நினைப்பியள். வண்டி நிண்டிடும், உள்ளுக்க இருக்கிறது நிக்காது. முன்னுக்கு வந்து ஒருக்கா இடிக்கும். பின்னுக்குப் போகும். திரும்ப வந்து ரெண்டாந்தரம் இடிக்கும். அது இடிச்ச பிறகுதான் காலை எடுக்கலாம்."

அவன் வீட்டில் எல்லாரும் வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள். அடியில் தண்ணீர் தேங்கின வள்ளம் எப்படிப் புரளும் என்று அறிந்தவன். அந்த அறிவைத்தான் லாரிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தான்.

பேச்சில் சங்கடம் வந்தது. ஒரு வளைவில் "கெதியா, கெதியா" என்றான். எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் நிறுத்துவது என் வழக்கம். நிறுத்தினேன். டின் தண்ணீர் முழுதும் அவன் கால்சட்டையில். கெதியா என்றால் வேகமாக என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆமாம் என்பதற்கு ஓம், முடியாது என்பதற்கு ஏலாது. இரண்டும் வாயில் வர ஒரு மாதம் ஆனது.

மற்றவை சுலபம். இறக்கத்தில் இறங்கிய பிறகு கியர் மாற்றாதே, இறங்குவதற்கு முன் மாற்று. ஆணி அடித்த செருப்புப் போடாதே, கல்லில் உரசினால் பொறி வரும். வண்டியின் பின்னால் மண்ணைத் தொட்டுக்கொண்டு ஒரு சங்கிலி தொங்கும். ஓட்டத்தில் வண்டிக்குள் ஏறுகிற மின்சாரத்தை அது மண்ணில் இறக்கிவிடும். அதைத் தினம் தொட்டுப் பார். குழாய் மாட்டுவதற்கு முன் செம்புக் கம்பியை மாட்டு. கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்று.

இன்னும் ஒன்று சொன்னான்.

"வெறும் பவுசருக்கும் பயப்பட வேணும், அண்ணை. நிறைஞ்சதிலும் பாக்க வெறுமைதான் பொல்லாதது. உள்ளுக்க பெட்ரோல் ஆவி நிக்கும். பொறி ஒண்டு போதும்."

ஓம் என்றேன். நம்பவில்லை.

நம் ஊரில் மண்ணெண்ணெய் தீர்ந்த டின்னில் தண்ணீர் சுமக்கிறோம். தவிடு கொட்டி வைக்கிறோம். வெறும் டின் என்றால் ஒன்றும் இல்லாத டின். அப்படித்தான் எனக்குத் தெரியும். அவன் சொன்ன எல்லாவற்றையும் மனதில் வாங்கினேன். அதை மட்டும் காதோடு விட்டேன்.

4

இப்போது என் காலைப் பொழுது எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

ஐந்து மணிக்கு எழுகிறேன். ரேஷன் அரிசிக் கஞ்சி. சில நாள் பாண், அதாவது ரொட்டி. சீனக்குடாவில் எங்கள் வேலைத்தலத்து வாசலில் காவல்காரன் மடியைத் தடவிப் பார்க்கிறான். பீடி, தீப்பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் மடியை உதறிக் காட்டுகிறேன். அடையாளச் சீட்டில் என் பேர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றுக்கும் நான் ஓம் என்கிறேன்.

வண்டியை ஒரு தடவை சுற்றி நடக்கிறேன். சங்கிலி. குழாய். மூடி. டயர். ஊரில் மாட்டை அவிழ்ப்பதற்கு முன் காலையும் கொம்பையும் தடவிப் பார்ப்போமே, அதுபோல. மாடு நம்மைத் திரும்பிப் பார்க்கும். இது பார்க்காது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட வேலை எனக்குச் சோறு போடுகிறது. யாரும் என்னை எழுந்து போ என்று சொல்லவில்லை. சண்டைக்காலத்தில் இது பெரிது. எனக்கு இந்த ஊர்மேல் நன்றி உண்டு. குறை சொல்ல உட்காரவில்லை.

5

பரீட்சை கிண்ணியாத் துறையில் நடந்தது. அங்கே பாலம் இல்லை. வாகனங்களைத் தட்டையான படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். அந்தப் படகுக்குப் பாதை என்று பெயர். அரைத் தாங்கி தண்ணீரோடு பவுசரை அதில் ஏற்றி நிறுத்த வேண்டும். சார்ஜன்ட் போய்ப் பாதையின் மறு விளிம்பில், வண்டிக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் தண்ணீர்தான்.

ஏற்றினேன். மிதித்தேன். ஒரு தடவை இடித்தது. காலை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை இடித்தது. பாதை ஆடி நின்றது. அவர் வயிற்றுக்கும் வண்டி மூக்குக்கும் நடுவில் ஒரு முழம்.  அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"பாஸ், அண்ணை," என்றான் கபிரியேல் காதுக்குள். "ஃபெயில் எண்டால் தொப்பியைக் கழட்டுவார்."

மறுநாள் முதல் பெட்ரோல் நடை. பட்டினத்துக்குக் கொண்டுபோய் இறக்கினோம். பழுது ஒன்றும் இல்லை. சாயங்காலம் சார்ஜன்ட் என் மூன்று தாளிலும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். திரும்பி வரும்போது உச்சி நேரம். ரோட்டோரத்தில் பிள்ளையார்.

"என்ன கருப்பையர், முதல் நடை சும்மாவே போறது?" என்றான் கந்தப்பு. "பிள்ளையார் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்."

அவன் சொல்லாவிட்டாலும் நிறுத்தியிருப்பேன். பட்டினத்திலேயே கற்பூரமும் எலுமிச்சங்காயும் வாங்கி மடியில் வைத்திருந்தேன். நம் பக்கத்தில் புது வண்டியோ புது ஏரோ கற்பூரம் காட்டாமல் வாசலைத் தாண்டாது. என்னிடம் தீப்பெட்டி இல்லை. சட்டம் எதையும் மீறவில்லை. கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கபிரியேல் இறங்கிக் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனான். வேறு சாமி காரியத்தில் குறுக்கே நிற்கமாட்டான். அது அவன் மரியாதை.

சக்கரத்துக்கு எலுமிச்சங்காய் வைத்தேன். சந்தனம் பூசினேன். பெட்ரோல் நாற்றம் அடித்தது. சாமி முன்னால் இந்த நாற்றம் ஆகாது என்று நினைத்தேன். மேலே ஏறி மூடியைத் திறந்துவிட்டேன், காற்றோடு போகட்டும் என்று. பின்னால் போய்க் குழாயையும் திறந்தேன். அடியில் கிடந்தது சொட்டியது. கீழே மண் நனைந்தது.

எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இதைத்தான் எழுத வந்தேன்.

பூசாரி கற்பூரத்தை வெற்றிலையில் வைத்து, விளக்கில் ஏற்றித் தந்தார்.

"நீரே காட்டும். உம்மட வண்டி," என்றார்.

வெற்றிலையை உள்ளங்கையில் ஏந்தி முன்பக்கம் மூன்று சுற்றுக் காட்டினேன். பிறகு பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போனேன். காற்று துளி இல்லை. குழாய்க்கும் எனக்கும் பத்தடி இருக்கும்.

கபிரியேல் கிணற்றடியிலிருந்து வந்தான். கத்தவில்லை. ஓடவில்லை. நடந்து வந்து தன் வலது கையை என் கைமேல் வைத்து மூடினான். எரிகிற கற்பூரம் அவன் உள்ளங்கையில் இருந்தது. அப்படியே இறுக்கிப் பிடித்து என்னைத் திருப்பினான். இரண்டு பேரும் கைபிடித்தபடி கிணற்றடிவரை நடந்தோம்.

"ஆருக்கு ஆர் தாலி கட்டினது?" என்று கந்தப்பு கேட்டான். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தான். ஓடிப்போய் வாளியில் தண்ணீர் இறைத்தான்.

வாளித் தண்ணீருக்குள் வைத்துத்தான் கபிரியேல் கையைப் பிரித்தான். தோல் வெற்றிலையோடு வந்தது.

"ஏம்ப்பா கத்தலே?" என்று கேட்டேன்.

"கத்தினால் பயந்து கீழ போட்டிருப்பியள். கீழ மண் நனைஞ்சு கிடக்குது." நிமிர்ந்து வண்டியைப் பார்த்தான். "மூடியைத் திறந்தது ஆர்?"

"நான்தான்."

"குழாய்?"

"நான்தான். வெறும் வண்டிதானே தம்பி."

அவன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தான்.  பூசாரி தூரத்தில் நின்று, திருநீறு எடுக்காமல் ஏன் போகிறீர்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

6

திரும்பும்போது கபிரியேல் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"சைலன்சர் குழாயில கை பட்டு வெந்தது எண்டு சொல்லுவன். நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. உங்கட பேப்பர் மேசையில கிடக்குது."

"உன் பேருக்குக் குறை வராதா?"

"எனக்கென்ன, பெண்சாதியோ பிள்ளையோ? கதைக்காமல் ஓட்டுங்கோ."

அப்படியே சொன்னான். சார்ஜன்ட் அவனைத் திட்டினார். பழக்குகிறவனே சூட்டுக் குழாயில் கை வைப்பதா என்று கேட்டுப் புத்தகத்தில் அவன் பேருக்கு நேரே ஏதோ எழுதினார். கபிரியேல் கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்து மரத்தடியில் நின்றான். ஜன்னல் வழியே பார்த்தேன். மேசையில் என் மூன்று தாள். மேலே பேனா.

சும்மா நின்றிருந்தால் போதும். கால் மணி நேரம். பேச்சியும் பாக்கியமும் கப்பல் ஏறிவிடுவார்கள்.

சட்டைப்பையில் தம்பி கடிதம் இருந்தது. மரத்தடியில் அந்தக் கை இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தக் கோயிலில் எங்கள் டிரைவர்கள் எல்லாரும்தான் வண்டியை நிறுத்துகிறார்கள் என்ற நினைப்பு பிறகுதான் வந்தது.

உள்ளே போனேன்.

"சில்வா, நான் சொல்றதை அப்படியே சொல்லு. கூட்டாதே, குறைக்காதே."

கேட்டுவிட்டுச் சில்வா என் கையைப் பிடித்தான். "அண்ணே, நாளைக்குச் சொல்லுங்க. இன்னைக்குக் கையெழுத்து ஆகட்டும்."

"நாளைக்கு எனக்கு வாய் வராது. சொல்லு."

சொன்னான். சார்ஜன்ட் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். எனக்கு வயது என்ன என்று மட்டும் கேட்டார். முப்பத்து நான்கு என்றேன். மூன்று தாளையும் எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். கபிரியேல் பேருக்கு நேரே எழுதினதை அடித்தார்.

கிழிக்காததற்கு இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வெளியே கபிரியேல் பாய்ந்து வந்தான். "உங்களுக்கு விசரோ? ஆர் கேட்டது உங்களை? என்ரை கை வெந்தது வெந்ததாப் போகட்டும் எண்டு விட்டிருக்கலாமெல்லோ!"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, சாப்பிட இடது கை பழகவில்லை, சோற்றைப் பிசைந்து தாருங்கோ என்றான். பிசைந்து கொடுத்தேன்.

7

சார்ஜன்ட் அந்த வாரம் எல்லா டிரைவரையும் கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போனார். பெட்ரோல் இருந்த சின்ன டின் ஒன்று. என்னைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். ஒரு சொட்டும் விழவில்லை. மணலில் வைத்தோம். எல்லாரையும் தூரத்தில் பள்ளத்தில் படுக்கவைத்தார். நீளமான மூங்கில் நுனியில் எரிகிற துணியைக் கட்டி அவரே படுத்துக்கொண்டு நீட்டினார்.

சத்தம் நெஞ்சில் விழுந்தது. டின் தென்னை உயரத்துக்கு மேலே போய், பிளந்து விரிந்து, தகடாகக் கீழே விழுந்தது.

 கந்தப்பு தலைக்குமேல் இரண்டு கையையும் கூப்பினான். வெறும் பவுசரின் மூடிமேல் அவன் உட்கார்ந்துகொண்டு வெற்றிலை போட்ட நாள்கள் உண்டு. எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. சொல்லித் தெரியாதவனுக்குக் காட்டித் தெரியவைத்தார்கள். அதற்கும் நன்றி.

வாசல் பலகையில் தீப்பெட்டி, பீடி, சுருட்டு என்று மூன்று பாஷையிலும் எழுதியிருக்கும். நாலாவதாகக் கற்பூரம் என்று சேர்த்தார்கள். இங்கிலீஷில் அதை எப்படி எழுதுவது என்று சில்வா ஒரு பகல் முழுக்க விசாரித்தான்.

சின்னத்தம்பிப் பூசாரியிடம் நானே போய்ச் சொன்னேன். காது மந்தம், இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப வண்டிக்குத் தண்ணி தெளிச்சுப் பூ வைப்பம். தீபம் உள்ளுக்க மட்டும்," என்றார். "பிள்ளையார் கோவிக்கமாட்டார். அவரும் இந்த ரோட்டிலதானே இருக்கிறார்."

அதுமுதல் பவுசர்களை அங்கே நிறுத்தினால் கோயிலுக்கு நூறு தப்படி தள்ளித்தான் நிறுத்துகிறோம்.

8

என்னைத் தண்ணீர்ப் பவுசருக்குத் தள்ளினார்கள். முகாம்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற வேலை. இரண்டு மாதம். பிறகு பெட்ரோல், பக்கத்தில் கபிரியேலோடு. பிறகு தனியாக. இழுப்பறை திறக்கவில்லை. எத்தனை நடை ஓட்டினால் திறக்கும் என்று சார்ஜன்ட் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

ஊரிலிருந்து பேச்சி எழுதச் சொல்லித் தம்பி எழுதினான். பரீட்சையில் பாஸாகிவிட்டதாகக் கடிதம் வந்ததே, இன்னும் ஏன் தாள் வரவில்லை. நான் பதில் எழுதினேன். ஆபீசில் தாமதம். பொய் இல்லை. முழுசும் இல்லை.

அடுத்த கடிதத்தில் பாக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த செய்தி. வாத்தியார் அப்பா பேர் கேட்டபோது தம்பி பேரைச் சொன்னாளாம். எல்லாரும் சிரித்தார்களாம்.

அன்று வளைவில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளே பெட்ரோல் ஒரு தடவை இடித்தது. இரண்டாம் தடவை இடித்தது. பிறகு காலை எடுத்து ஓட்டினேன்.

மழைக்காலம் போனது. சார்ஜன்டை பர்மாப் பக்கம் மாற்றினார்கள். போகிற காலையில் கூப்பிட்டனுப்பினார். இழுப்பறை திறந்திருந்தது. நடைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பேனாவை எடுத்து மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டார். நடத்தை என்ற கட்டத்தில் ஒரு சொல் எழுதினார். அவர் போன பிறகு சில்வாவிடம் கேட்டேன்.

"நல்லவர்னு போட்டாரா?"

"இல்லே அண்ணே. கவனமானவர்னு போட்டிருக்கார்."

அது போதும் என்றேன்.

9

இலங்கைக்கு வருகிறவர்களைச் சோதித்து அனுப்புகிற மண்டபம் முகாமில் தாள்கள் ஒரு மாதம் கிடந்தன. பேச்சிக்கும் பிள்ளைக்கும் ஊசி, முத்திரை, மறுபடி ஊசி. போன வியாழக்கிழமை ரயில் வந்தது.

கபிரியேலும் கூட வந்தான். தலைச்சுமைக்கு ஆள் வேண்டும் என்றான். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி இருந்தான். எனக்குக் காலை நடை முடித்த காக்கிதான்.

பேச்சி இறங்கினாள். மெலிந்திருந்தாள். தகரப்பெட்டி ஒன்று, பாய் ஒன்று. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பாக்கியம். நாற்பது நாள் பிள்ளையாகப் பார்த்தது. இப்போது என் இடுப்பு உயரம். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நேரே போய்க் கபிரியேல் வேட்டியைப் பிடித்தாள்.

"அப்பா," என்றாள்.

"ஐயோ, நான் இல்லைப் பிள்ளை!" கபிரியேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தா, எண்ணெய் மணக்குதெல்லோ, அவர்தான் உன்ரை அப்பா."

பாக்கியம் என்னிடம் வரவில்லை. ஓடவும் இல்லை. கபிரியேலின் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் வட்டமாக, வழுவழுவென்று வெள்ளைத் தழும்பு.

"இது என்ன?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பேச்சியிடமிருந்து வாங்கிய தகரப்பெட்டியைக் கீழே வைத்தேன். ஸ்டேஷன் மேடையில் நின்றபடியே சொன்னேன். மூடியைத் திறந்தது, குழாயைத் திறந்தது, கற்பூரம், இழுப்பறை. எனக்கு நீளமாகப் பேச வராது. அன்று வந்தது.  முடிந்ததும் பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கபிரியேல் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அவன் வேண்டாம் அக்கா என்று பின்னால் நகர்ந்தான்.

"நான் அங்க என்னென்னமோ நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள் என்னிடம். "வேற எவளையாவது வச்சுக்கிட்டீகளோன்னுகூட நெனச்சேன். இந்தச் சங்கதியை எழுதியிருந்தா என்ன?"

"எழுதத் தெரியலே."

"சரி. அந்த இழுப்பறையைத் தொறக்குறதுக்கு எத்தனை நடை ஓட்டுனீக?"

பாக்கியமும் அண்ணாந்து பார்த்தாள். சில்வாவின் நடைப் புத்தகத்தைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

"இருநூத்து முப்பத்தெட்டு."